அழுத்தப்பட்ட நரம்பும் அப்பாவின் கால் கட்டைவிரலும்

சென்ற ஆண்டு வைகாசி மாதம். வடகாட்டுப் பக்கம் பலா விளைந்து குவிந்து கிடந்த நேரம். அங்கே ஒரு மண்டியில் சுமை தூக்கும் தொழிலாளியான என் தந்தையார், பழம் ஒன்றைத் தரையிலிருந்து குனிந்து எடுத்து, அப்படியே இடுப்பைத் திருப்பி லாரி மேல் நின்றவர் கையில் கொடுத்தார். இருபது கிலோவுக்குக் குறையாத பழம். இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் செய்து வரும் வேலைதான். அன்று மட்டும் இடுப்பில் ‘படக்’ என்றது. மாலையில் வீட்டுக்கு வந்தவர் திண்ணையில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏ ஆத்தா, இடுப்புலேருந்து பெருவிரல் வரைக்கும் யாரோ கம்பியக் காய்ச்சி இழுக்குற மாதிரி இருக்கு” என்றார்.

நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். தவளையின் நரம்பைப் படம் வரைந்து பாகங்கள் குறித்து மதிப்பெண் வாங்கியவள். ஆனாலும் அன்று அப்பா சொன்ன அந்தக் ‘காய்ச்சிய கம்பி’ ஒரு நரம்பின் பாதைதான் என்பது எனக்குத் தோன்றவில்லை. எல்லாரையும் போலத் தைலம் தேய்த்தேன். பிறகு சுளுக்கு வழிப்பவர் வந்தார். அதற்கும் அடங்காமல் போகவே, பிறக்கும்போது கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று, பக்கத்து ஊரிலிருந்து அப்படிப் பிறந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். அவர் நல்லவர்; மெதுவாகத்தான் மிதித்தார். அவர் இன்னும் கொஞ்சம் பலசாலியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

இரண்டாம் வாரம் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்ததும், “டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்குகிறது, இந்த வாரமே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும்” என்றார்கள். இரண்டு லட்சம் ரூபாய் கேட்டார்கள். அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தவர் அங்கே ஒருவருமில்லை. இதைப் போனில் கேட்ட சிங்கப்பூர்ச் சித்தப்பா, “அண்ணே, அங்க எதுவும் செய்யாதீங்க, இங்க வந்துருங்க, இங்க இருக்குற வைத்தியமே வேற” என்றார். சித்தப்பா அங்கே கட்டட வேலை செய்பவர். அந்த நாட்டில் வெளிநாட்டு நோயாளிக்கு அரசு மானியம் கிடையாது என்பதும், அங்கே ஆகும் செலவுக்குத் திருச்சியில் கேட்ட தொகை ஒரு மூலைக்குக் காணாது என்பதும் அவருக்கும் தெரியும். பாசம் கணக்குப் பார்க்கவில்லை. அம்மா அரை ஏக்கர் நிலத்தின் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். நான் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் போவது என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அந்த நிலையில் நம் துறைப் பேராசிரியர் ஒருவர்தாம், “நிலத்தை அடகு வைக்கிறது இருக்கட்டும், முதலில் நம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் காட்டினாயா?” என்று கேட்டார். 2017-இல் புதுக்கோட்டைக்கு வந்த அரசு மருத்துவக் கல்லூரியை நாங்கள் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி. மறுநாள் போனோம்.

அங்கிருந்த டாக்டர் ஸ்கேன் படத்தைக் கையில் வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்பாவை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார். பாதி தூக்குமுன்பே அப்பா அலறினார். பின் குதிகாலால் நடக்கச் சொன்னார், முன்பாதத்தால் நடக்கச் சொன்னார். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, தம் விரலால் கீழே அழுத்தி, எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்த்தார். ஊசி முனையால் பாதத்தில் எங்கெங்கே உணர்ச்சி குறைகிறது என்று குறித்துக்கொண்டார். கடைசியில், “ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா? உட்காரும் இடம் மரத்திருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றதும், “ஆறு வாரம் பார்ப்போம், வேண்டுமானால் அறுவை இங்கேயே செய்யலாம், செலவில்லை” என்றார். ஒருவர் ஒரு வாரத்தில் கால் போய்விடும் என்கிறார். இன்னொருவர் ஆறு வாரம் பொறு என்கிறார்! யாரை நம்புவது? அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நூலகத்திலும் பேராசிரியர்களிடமும் திரிந்தேன். அப்படித் திரிந்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நம் முதுகு முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டுகள் இருக்கின்றன. வெளியே நார்களால் பின்னிய வளையம். உள்ளே நுங்கு போன்ற கூழ். நிமிர்ந்து நிற்கும்போது அந்தக் கூழின் மேல் விழும் அழுத்தம், சுமையோடு குனியும்போது பல மடங்காகிறது. வயது ஏற ஏற வளையத்தில் சிறு வெடிப்புகள் உண்டாகி, ஒருநாள் அந்த வெடிப்பின் வழியே கூழ் பின்பக்கமாகப் பிதுங்குகிறது. அங்கேதான் காலுக்குச் செல்லும் நரம்பு வேர்கள் வெளியேறுகின்றன. இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே பிதுங்கினால் கால் கட்டைவிரலைத் தூக்கும் வலு குறையும். அதற்கும் கீழே பிதுங்கினால் முன்பாதத்தால் நிற்பது கடினமாகும். டாக்டர் கட்டைவிரலோடு மல்லுக்கட்டியதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கால் குடைச்சலுக்கும் வட்டுக்கும் உள்ள இந்த உறவை உலகம் தெளிவாக அறிந்து இன்னும் நூறாண்டு ஆகவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1934-இல் எழுதிய கட்டுரையே அதை நிலைநாட்டியது. அதுவரை வாயு என்றும் வாதம் என்றும் நம்மவர் மட்டுமல்ல, மேல்நாட்டாரும் பலவிதமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தனர்.

அழுத்தினால் நரம்புக்கு என்ன ஆகிறது? கல்யாணப் பந்தியில் சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தவர்க்குக் கால் மரத்துப்போவது தெரியும். நரம்பும் உயிருள்ள பொருள். அதற்கும் இரத்தம் வேண்டும். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1981-இல் முயலின் கால் நரம்பை அழுத்திப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திலேயே நரம்பிலுள்ள சிறு சிரைகளில் ஓட்டம் தளரத் தொடங்கியது. நம் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தம் 120, 80 என்றிருப்பதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு சிறிய அழுத்தம் என்பது புரியும். எழுந்து காலை உதறினால் பந்தி மரமரப்பு போய்விடுகிறது. வட்டு அழுத்தினால் உதற முடியாது, அதுதான் வேறுபாடு.

1943-இல் ஆங்கிலேய மருத்துவர் செட்டன் நரம்புக் காயத்தை மூன்று படிகளாகப் பிரித்தார். மின்கம்பியை உவமையாகக் கொண்டால் எளிதில் விளங்கும். முதல் படியில் கம்பி முழுசாக இருக்கிறது. மேலுறை மட்டும் நைந்து செய்தி தடைப்படுகிறது. அழுத்தம் நீங்கினால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ உறை புதுப்பிக்கப்பட்டு நரம்பு பழையபடி ஆகும். இரண்டாம் படியில் உள்ளே உள்ள கம்பி இற்றுவிடுகிறது. ஆனால் அது ஓடிய குழாய் இருக்கிறது. அந்தக் குழாய் வழியே நரம்பு மறுபடி முளைத்து ஊர்ந்து வரவேண்டும். மூன்றாம் படியில் எல்லாமே துண்டாகிவிடுகிறது. அது வெட்டுக்காயக்காரர்களின் கதை. வட்டுக்காரர்கள் பெரும்பாலும் அதுவரை போவதில்லை.

இரண்டாம் படியில் நரம்பு முளைக்கும் வேகம் என்ன தெரியுமா? நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இதைப் படித்த அன்று இரவு அம்மாவின் தையல் நாடாவை எடுத்து, அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பிலிருந்து கட்டைவிரலைத் தூக்கும் தசை இருக்கும் கீழ்க்கால் வரை அளந்தேன். 72 சென்டிமீட்டர். அதாவது 720 நாள், இரண்டு ஆண்டு! நரம்புச் செய்தி வராத தசையோ ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திராது, சூம்பி நாராகிவிடும். விடிய விடிய எனக்கு உறக்கமில்லை. அடுத்த முறை போனபோது இந்தக் கணக்கை டாக்டரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “கணக்கு சரிதான், ஆனால் உன் அப்பாவுக்குப் பொருந்தாது, விரல் இன்னும் என் விரலை எதிர்க்கிறது, பெரும்பாலான இழைகள் உயிரோடிருக்கின்றன, உறை நைந்ததுதான் மிகுதி” என்றார். ஸ்கேன் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு விரலைப் பார்த்ததன் காரணம் இதுதான். படம் வட்டைக் காட்டும். நரம்பின் நிலையைக் காட்டுவது காலே.

அப்படியானால் பிதுங்கிய கூழ் என்ன ஆகும்? அப்படியே கிடக்குமா? எனக்கு மிகவும் வியப்பளித்தது இதுதான். வளையத்தை விட்டு வெளியே வந்த கூழை உடல் அந்நியப் பொருளாகக் கருதி, வெள்ளணுக்களின் இனத்தைச் சேர்ந்த விழுங்கு செல்களை அனுப்பிக் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்று தீர்க்கிறது. பெரிதாகப் பிதுங்கியதே பல வேளைகளில் வேகமாகச் சுருங்குகிறது. நெதர்லாந்தில் கடுமையான கால் குடைச்சல் உடைய 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு உடனே அறுவையும், மறு பிரிவினர்க்குக் காத்திருப்பும் என்று பார்த்தார்கள். 2007-இல் முடிவு வெளியாயிற்று. காத்திருந்தவர்களில் 100-க்கு 39 பேர் வலி தாளாமல் பின்னர் அறுவை செய்துகொண்டனர். அறுவை செய்தவர்களுக்கு வலி விரைவில் தீர்ந்தது என்பதும் உண்மை. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 100-க்கு 95 பேர் தேறியிருந்தனர்! ஆகவே அறுவை கெட்டது என்பதில்லை. வலி பொறுக்க முடியாதவர்க்கும், வாரக்கணக்கில் குறையாதவர்க்கும், வலு நாளுக்கு நாள் தேய்பவர்க்கும் அது நல்ல வழியே. ஆனால் விரலில் வலு இருக்கும்போது ‘இந்த வாரமே’ என்று அச்சுறுத்துவதற்கு இடமில்லை.

இதை எழுதிவிட்டு நிறுத்தினால் நான் பெரும் பிழை செய்தவளாவேன். ஏனெனில் காத்திருக்கக் கூடாத நிலையும் ஒன்று உண்டு. எங்கள் தெருவிலேயே அது நடந்தது.

தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரையின் வால்மயிர் போலக் கொத்தாகத் தொங்குகின்றன. மருத்துவ நூல்களிலும் அதற்குக் குதிரைவால் என்றே பெயர். வட்டு நடுவாகப் பெரிதாகப் பிதுங்கி இந்தக் கொத்து முழுவதையும் நசுக்கினால், சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் மெல்லிய நரம்புகளும் நசுங்குகின்றன. எங்கள் தெருவில் நாற்பது வயதுள்ள ஓர் அக்கா, நூறு நாள் வேலைக்குப் போய்வருபவர். இடுப்பு வலி அவருக்கு முன்பே உண்டு. ஒருநாள் இரண்டு காலும் மரத்து, உட்காரும் இடமும் மரத்து, சிறுநீர் நின்றுவிட்டது. அதை யாரிடம் சொல்வார்? உடம்புச் சூடு, நீர்க்கடுப்பு என்று தாமே முடிவு செய்து இளநீர் குடித்தார், வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தார். நான்கு நாள் கழித்துத்தான் கணவரிடம் சொன்னார். இந்த நிலையில் ஓரிரு நாளுக்குள், அதாவது 24 முதல் 48 மணி நேரத்துக்குள், அழுத்தத்தை எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். அவருக்கு ஐந்தாம் நாள் அறுவை நடந்தது. இன்று கோலூன்றி நடக்கிறார். சிறுநீருக்கு இன்னும் குழாய்தான். அப்பாவிடம் டாக்டர் கேட்ட அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் ஆண்கள் எதிரில் சொல்லியிருப்பாரா என்பது எனக்கு ஐயமே. மாணவியரே, உங்கள் வீட்டுப் பெண்களிடம் இதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி, சிங்கப்பூருக்கு வருகிறேன். நரம்பு வைத்தியத்துக்காகக் கடல் கடந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. ஆனால் அவர்களில் நான் முதலில் அறிந்தவர்கள் நோயாளிகள் அல்லர், மருத்துவர்கள். கேரளத்தில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, கனடாவின் மான்ட்ரியல் நகரில் புகழ்பெற்ற பென்ஃபீல்டிடம் பயின்று 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. ராமமூர்த்தி, இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று வந்து, 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதே துறையை ஏற்படுத்தினார். இந்த இருவரும் திரும்பி வராமல் அங்கேயே தங்கியிருந்தால் யார் என்ன கேட்டிருக்க முடியும்?

நோயாளியாகவே கடல் கடந்த ஒருவரின் வரலாறு இதைவிட உருக்கமானது. கொச்சியைச் சேர்ந்த மேரி வர்கீஸ் வேலூரில் படித்து மருத்துவரானவர். 1954-இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நான் மேலே சொன்ன நரம்பு வேர்கள் முளைக்கும். தண்டுவடமோ அப்படி முளைப்பதில்லை. அதே கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திக்கொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயிலும் முழங்கையருகே நரம்பு வீங்கி, இடமில்லாமல் தானே நெரிபட்டுத்தான் விரல் மடங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பிராண்டின் ஊக்கத்தால் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று தம் உடலுக்குப் பயிற்சி பெற்றார்; அதன்பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்று, 1966-இல் உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் கால்கள் கடைசிவரை நடக்கவில்லை. வெளிநாடு அவருக்கு நரம்பை மீட்டுத் தரவில்லை. மீதமுள்ள உடம்பை வைத்துக்கொண்டு வாழும் வித்தையைத் தந்தது. அவர் அதை இங்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது சிங்கப்பூரிலும் அவ்வளவுதான், புதுக்கோட்டையிலும் அவ்வளவுதான். இதைச் சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். “படிச்ச புள்ள சொல்ற” என்று அரைமனதாக விட்டுவிட்டார்.

அப்பாவின் மருத்துவம் மிக எளிதாக இருந்தது. அதுவே அவருக்குக் குறையாகவும் இருந்தது. முதல் சில நாள் வலி மாத்திரை. படுத்தே கிடக்கக் கூடாது என்றார்கள். முன்காலத்தில் மூன்று வாரம் கட்டிலில் கிடத்துவார்களாம். கிடப்பதால் ஒரு பயனும் இல்லை என்று 1999-இலேயே ஆராய்ந்து கண்டுவிட்டனர். காலை மாலை கண்மாய்க்கரையில் முடிந்த அளவு நடை. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கும் பயிற்சி. நியூசிலாந்தைச் சேர்ந்த மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், 1956-இல் ஒரு நோயாளி தவறுதலாக அந்த நிலையில் வெகுநேரம் படுத்திருந்து வலி குறைந்து எழுந்ததைப் பார்த்து வளர்த்தெடுத்த முறையாம் இது! வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து இடுப்புக்கும் பின்வாங்கினால் நல்ல அறிகுறி என்றார்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் ஊருக்கு வரும் பிசியோதெரபி அக்கா வீட்டுத் திண்ணையிலேயே பாய் விரித்துக் கற்றுக்கொடுத்தார். “மருந்தில்லாத வைத்தியமும் ஒரு வைத்தியமா?” என்று அப்பா முதலில் முகம் சுளித்தார். ‘புதுமைப் பெண்’ உதவித்தொகையில் நான் வாங்கிக் கொடுத்த தைலத்தைத் திருட்டுத்தனமாகத் தேய்த்துக்கொண்டுமிருந்தார். தேய்க்கட்டும், தோலுக்குக் கேடில்லை.

ஆடி பிறந்தபோது குடைச்சல் முழங்காலோடு நின்றது. புரட்டாசியில் கட்டைவிரல் டாக்டரின் விரலை வென்றது. பாதத்தின் மேற்புறத்தில் ஓர் உள்ளங்கை அகலம் இன்னும் மரத்தேயிருக்கிறது. அது அப்படியே தங்கிவிடவும் கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். மண்டிக்குத் திரும்பிவிட்டார். ஆனால் சுமைக்கு அல்ல. எடைபோட்டுச் சீட்டு எழுதும் வேலைக்கு. கூலி முன்னைவிடக் குறைவு. அந்தக் குறைச்சல் எங்கள் வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரிகிறது. பத்திரம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். சுவரைத் துளைக்கும் மெஷின் பிடித்துப் பிடித்து, வலக்கை இரவில் மரத்து எழுப்பிவிடுகிறதாம். உதறினால்தான் தூங்க முடிகிறதாம். எந்தெந்த விரல் என்று கேட்டேன். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல். சுண்டுவிரலில் ஒன்றுமில்லை என்றார். மணிக்கட்டுக்குள் எலும்பும் நாரும் சேர்ந்த ஒரு குறுகிய குகை வழியே ஓடும் நரம்பு அழுந்தினால் இப்படித்தான் இருக்கும். இரவில் மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டிப் படுக்கச் சொல்லி, அங்கேயே டாக்டரைப் பார்க்கும்படி நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். “படம் கிடம் எடுத்தா இருக்கட்டும், தம்பி. பெருவிரல அசைக்கச் சொல்லி, அந்தாளு தன் விரலால அமுக்கிப் பாத்தாரா? அதக் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு” என்றார்.